பொருட்பாலில் ஒரு வினா

சென்ற வாரம் அப்புத்தளையில் மாணாக்கர்க்குத் திருக்குறள் பாடஞ் சொல்லுகையில், தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வினவினாள்: "ஐயா, கொடுங்கோன்மை அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைத்தது ஏன்?"

யான் சாளரத்துக்கு அப்பால் தெரிந்த தேயிலைச் சரிவைச் சுட்டினேன். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர் வாக்களித்தனர், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு இலட்சம் அளவினர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர்.

கொடுங்கோன்மை முடியரசர்க்கே உரியதன்று. மக்கள் வாக்கால் அமைந்த ஆட்சியும் சட்டத்தின் வாயிலாக அதனைச் செய்தல் கூடும். வாக்கிழந்தவன் கூலி கேட்பின் செவிசாய்ப்பவர் யார்? நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் வறுமையிலேயே உழன்றன. எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஆயிரம் ரூபாய் நாட்கூலியோ 2021 வரை காத்திருந்தது. மறு ஆண்டு நேர்ந்த பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை விழுங்கிற்று.

உரிமை வேறு, பொருள் வேறு எனப் பிரித்துரைப்பார் உளர். வள்ளுவர் அவ்வாறு பிரித்திலர். செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்து, அதே பாலில் 'நாடு' என்னும் அதிகாரத்தையும் அமைத்தார்.

மாணவிக்கு அகவை பதினாறு. இன்னும் ஈராண்டில் வாக்களிப்பாள். கொழுந்து கொய்த என் அன்னைக்கு அவ்வயதில் அது கனவிலும் இல்லை.