உடம்பு இங்கே... மனசு எங்கே?

காலை எட்டு மணி. கீழப்பாவூரில் பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்காருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில், "அண்ணாச்சி, தென்காசி வந்தாச்சு!" என்று கண்டக்டர் குரல். நடுவில் பாவூர்சத்திரம் வந்ததா? யாருக்குத் தெரியும்! லேட்டானதற்கு மேனேஜரிடம் என்ன பொய் சொல்வது என்பதிலேயே மனசு இருந்தது.

இது எல்லோருக்கும் நடப்பதுதான். கோயில் கொடையில் சாமியாடுகிறவரும் நோயாளி இல்லை. ஆனால், தாங்க முடியாத கொடுமையை, அதுவும் சின்ன வயசில், அனுபவித்த சிலருக்கு, அன்றைக்குத் தப்பிக்க மனசு கண்டுபிடித்த வழியே பழக்கமாகிவிடும். தன் குரலே யாரோ பேசுவதுபோல் தூரத்தில் கேட்கும். நடுவில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். 'டிஸ்ஸோசியேஷன்' என்கிறார்கள் டாக்டர்கள். உடனே 'அந்நியன்' அம்பி ஞாபகம் வருகிறதா? சினிமாவை விடுங்க சார்! நிஜத்தில் இவர்கள் சத்தமில்லாமல் நம் பக்கத்து சீட்டிலேயே இருக்கலாம்.

இவர்களிடம் ஓர் ஆய்வாளர் வந்து, "அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால்? பதில் கோர்வையாக வரும். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. 'தைரியசாலி' என்று எழுதிக்கொள்வார் ஆய்வாளர். அங்கேதான் தப்பு! ஆளே அங்கே இல்லை. ராத்திரி வீட்டில் மொத்தமும் திரும்பி வரலாம். காலையில் போட்ட சம்மதக் கையெழுத்தே மறந்திருக்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு, கரையோர ஜனங்களிடம் ஆள் மாற்றி ஆள் வந்து கேள்வி கேட்டார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு நோகடிக்காதீர்கள் என்று 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வழிகாட்டி நெறிகளே வெளியிட்டன. யாழ்ப்பாணத்தில் போரின் மனக்காயங்களை ஆராய்ந்த டாக்டர் தயா சோமசுந்தரம், அங்கேயே இருந்து வைத்தியமும் பார்த்தவர். வித்தியாசம் புரிகிறதா?

அப்படியென்றால் கேட்கவே கூடாதா? அதுவும் தப்பு. 'உனக்குத் தாங்காது' என்று வாயை மூடுவது இன்னொரு கொடுமை. இப்படிப்பட்ட ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர், மனசு கலங்கினாலும் பேசியதற்காக வருத்தப்படவில்லை. கேட்கிற விதம்தான் முக்கியம். நடுநடுவே மறுபடி சம்மதம் கேட்கணும். கை தூக்கினால் நிறுத்தணும். பார்வை எங்கோ போனால், "இன்னிக்கு என்ன கிழமை? எங்க இருக்கோம்?" என்று மெதுவாகக் கேட்டு, குடிக்கத் தண்ணீர் தரணும். மறுநாளும் விசாரிக்கணும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சைக்குக் குறை வராது என்பது ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது.

உதவி வேண்டுமா? அரசின் டெலி மானஸ், 14416.

கண்டக்டர் செய்ததும் அதுதானே? தொடாமல், அதட்டாமல், எந்த ஊர் என்று சொன்னார். இறங்குவதை உங்களிடமே விட்டுவிட்டார்!