ஆள் கட்டிய கதை – 17: தலைக்காசும் ரெஃபரல் போனஸும்

கங்காணியை லைசென்சும் கையுமாகப் போன வாரம் நாகப்பட்டினம் டிப்போ வாசலில் விட்டுவிட்டு வந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு: கங்காணி என்பவர் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிவந்தவர், அதாவது ஆள் சேர்த்துவந்தவர். மீதியைப் பழைய இதழில் தேடிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் போய், லிங்க்ட்இன்னில் இன்ஜினியர்களை எப்படி வளைக்கிறார்கள் என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். 1907 குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். ரப்பர் விலை ஏறிய காலத்தில் ஒரு தோட்டத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்து, கப்பல் கட்டணமும் கட்டித் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைப்பார். ஆட்கள் வந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) மூட்டை முடிச்சை இறக்கி வைத்திருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது ராத்திரியில் வந்து, கூலி கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று சொல்லி அழைத்துப் போய்விடுவார்கள். காசு போட்டவர் ஒருவர், ஆள் கிடைத்தது இன்னொருவருக்கு. ஆள் கட்டுவதற்கு ஒரு காசும் செலவழிக்காமல் இப்படியே காலம் தள்ளிய தோட்டங்களும் இருந்தன. துரைமார்கள் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லி அலுத்துப்போன பிறகு, 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று வந்தது. எத்தனை தமிழர் உன்னிடம் வேலை செய்கிறார்களோ அதற்கேற்பப் பணம் கட்டு. ஆளை நீ கொண்டுவந்தாயா, அடுத்தவனிடமிருந்து இழுத்தாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து போகும். இழுத்தவனும் செலவில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும்!

இதைப் படித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கூலிமில் ஒரு கம்பெனி ஒரு பையனுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுக்கிறது. அவன் லிங்க்ட்இன்னில் தன் பக்கத்தைப் புதுப்பித்த உடனே வேறு கம்பெனி தூக்கிக்கொண்டு போகிறது. முதல் கம்பெனி மனிதவள அதிகாரி பல்லைக் கடிப்பதோடு சரி. அன்றைய துரைமார்கள் இதற்கு ஒரு நிதியையே உண்டாக்கியிருக்கிறார்கள்.

கப்பல் கட்டணம் நிதியிலிருந்து போனதால் தொழிலாளி கடனில்லாமல் வந்து இறங்கினார் என்பது ஏட்டுக் கணக்கு. ஊர்க் கடனை அடைக்கக் கங்காணி கொடுத்த கைமாற்று, பிறகு தோட்டத்துக் கடையில் ஏறிய பற்று, இவை எந்த நிதிக் கணக்கிலும் வராது. அதை ஆறாம் வாரத்திலேயே போதுமான அளவு எழுதிவிட்டேன்.

கங்காணியின் வருமானத்தில்தான் சூட்சுமம். ஆளைக் கொண்டுவந்ததற்குக் கமிஷன் ஒரு தடவை. அதற்குப் பிறகு அவர் கட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. ஒன்றிரண்டு காசுதான், ஆனால் ஐம்பது தலை என்றால் கூட்டிப் பாருங்கள். ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நஷ்டம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர் போட்ட சத்தத்துக்குப் பாதிக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் இந்தத் தலைக்காசைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "எங்ககிட்டயும் இருக்கு அங்கிள், ரெஃபரல் போனஸ். ஆளக் கொண்டாந்து விட்டா மட்டும் காசு வராது. அவன் மூணு மாசம் நிக்கணும் லா." நூறு வருஷம் கழித்தும் சூத்திரம் மாறவில்லை: கூட்டிவந்தவனுக்கு, வந்தவன் நிலைத்தால்தான் காசு. வேலைவாய்ப்பு இணையதளத்தில் விளம்பரம் போட்டால் விண்ணப்பம் குவியும், பாதிப் பேர் இன்டர்வியூவுக்கே வரமாட்டார்கள் என்றும், ஓப்பரேட்டர் வேலைக்கு ஒரு கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே போதும் என்றும் அவர் சொன்னார். (இணையதளம் என்றதும் ஒன்று: லிங்க்ட்இன் 2003இல் தொடங்கியது. ஜாப்ஸ்ட்ரீட் அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1997இல், நம் பக்கத்துப் பினாங்கில் பிறந்துவிட்டது. இதை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.)

கூலிமும் சுங்கைப் பட்டாணியும் இருக்கும் கெடாவுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1909இல்தான் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அடுத்த வருஷமே, ஆளை ஒப்பந்தத்தில் பூட்டி வைக்கும் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டினார்கள். ஆகவே பீடோங், லூனாஸ், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் கங்காணி கட்டிவந்த ஆட்களால் நிரம்பியவை. கங்காணி யாரைக் கட்டுவார்? மச்சானை, பங்காளியை, அதே தெருக்காரரை. ஊரில் பக்கத்து வீடு, இங்கே பக்கத்து லயம்.

இந்த நெருக்கம் வேலை தேட உதவுமா? 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 விழுக்காடு. எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6. அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் 27.8. உயிர் நண்பனுக்குத் தெரிந்தது உனக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கக்காரரிடமிருந்துதான் வரும். 2022இல் லிங்க்ட்இன்னில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும், ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்பத் தூரமும் இல்லாத பழக்கம்தான் அதிகம் உதவுகிறது என்றது.

நம் தோட்டங்களில் அந்த அரைகுறைப் பழக்கம்தான் இல்லாமல் போனது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் தெரிந்த வேலை ஒன்றே. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, பால்வெட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பால்வெட்டுக்காரர்கள். கூலிமில் ஹைடெக் பார்க் 1996இல் திறந்தாயிற்று. உள்ளே யாரைக் கேட்பது?

இப்போது பழைய தோட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, முகநூல் பக்கம் இருக்கிறது. துக்கச் செய்தி, கல்யாணப் பத்திரிகை, கூடவே "கூலிம், 12 மணி நேர ஷிப்ட், பஸ் உண்டு, ஹாஸ்டல் உண்டு". தோட்டத்தை விட்டுப் போய் எங்கெங்கோ தமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் இப்போதுதான் ஒருவருக்கொருவர் அரைகுறைப் பழக்கமாகியிருக்கிறார்கள். சுங்கைப் பட்டாணி பங்குனி உத்திரம் வருஷத்துக்கு ஒரு தடவை செய்து கொடுத்ததைக் கைப்பேசி தினமும் செய்கிறது. ஓப்பரேட்டர் வேலை வரைக்கும் இது நன்றாக ஓடுகிறது. அதற்கு மேலே உள்ள வேலை அந்தக் குழுவுக்குள் வருவதே இல்லை. லிங்க்ட்இன்னில் நடக்கிறது, அங்கே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

இன்னொன்றும் பாக்கி. 1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு கங்காணியின் லைசென்சுக்கு இந்திய அரசின் ஏஜெண்ட் ஒப்புதல் வேண்டும், ஊரில் கிராம முன்சீப் கையெழுத்து வேண்டும். பல சமயம் வெறும் சடங்குதான், ஆனாலும் கேள்வி கேட்க ஒரு பெயர் இருந்தது. 2022இல் வெளிநாட்டில் கைநிறையச் சம்பளம் என்ற சமூக ஊடக விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்டார்களே, அந்த விளம்பரங்களுக்கு எந்த முன்சீப் கையெழுத்துப் போட்டார்?

ஆசிரியர் போன் செய்துவிட்டார், பக்கம் முடிந்ததாம். கம்போடியாவும் லிங்க்ட்இன்னும் அடுத்த வாரம். கூலிம் இன்ஜினியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அதற்குள் அவர்களில் பாதிப் பேர் கம்பெனி மாறியிருப்பார்கள்.