பக் என்னும் சிறு நாயும் கோடையில் அதன் பராமரிப்பும்

காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வளர்ப்பது நம் குடியானவர்களுக்குப் பழைய வழக்கமாகும். வீட்டினுள் துணையாகச் சிறு ஜாதி நாய்களை வைத்துக்கொள்வதும் இப்பொழுது கிராமங்களில் பரவியுள்ளது. அவற்றுள் தட்டை முகமும் சுருண்ட வாலும் உடைய 'பக்' என்னும் நாய், 2003-ம் ஆண்டில் ஒரு கைப்பேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் தோன்றிய பின்னர், இந்தியாவில் மிகுந்த கிராக்கியை அடைந்தது. ஆயினும் இதனை நாட்டு நாய்போல் வெயிலில் விட்டுவைத்தால் ஒரே பகலில் இறந்துபோகக் கூடும். இதனை வளர்ப்போர் அறியவேண்டியவை கீழே கூறப்படுகின்றன.

ஜாதி லக்ஷணம்.—இதன் பூர்விகம் சீன தேசம். அங்கே பிரபுக்களின் மடியில் வளர்ந்த இந்நாய் 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. 1689-ல் இங்கிலாந்தில் பட்டமேறிய மூன்றாம் வில்லியம், மேரி தம்பதிகளின் காலத்தில் அந்நாட்டிலும் பெயர் பெற்றது. நல்ல ஜாதி நாய் சுமார் 14 முதல் 18 ராத்தல் வரை எடையுள்ளது. நிறம் வெளிர் மஞ்சளாகவோ கறுப்பாகவோ இருக்கும். குழந்தைகளிடம் பிரியமும் சாந்த குணமும் கொண்டது. காவலுக்கு அத்தனை உதவாது.

உஷ்ணத்தின் அபாயம்.—நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளுகிறது. பக் நாய்க்கு மண்டையெலும்பு குறுகியிருப்பினும் உள்ளிருக்கும் நாக்கும் அண்ணத்தின் தசையும் அவ்வளவாகக் குறுகவில்லை. மூக்குத் துவாரங்களும் இடுக்கமானவை. ஆதலால் காற்று போகும் வழி அடைபடுகின்றது. எந்த முகத்தின் அழகுக்காக விலை கொடுக்கப்படுகிறதோ, அம்முகமே அதற்குத் துன்பமாகின்றது. விழித்திருக்கும்போதும் குறட்டை விடுவதைச் சிலர் வேடிக்கையாக நினைக்கின்றனர். அது மூச்சுத் திணறலின் அடையாளமேயாகும்.

கோடையில் விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நடத்திச் செல்லவேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை அணிவிப்பது நலம். தகரக் கொட்டகையிலும், நிறுத்திவைத்த மோட்டார் வண்டியிலும் சில நிமிஷமேனும் அடைத்துவைக்கலாகாது. நிழலும், காற்றோட்டமும், குளிர்ந்த குடிநீரும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

முதற்சிகிச்சை.—நாயின் இயற்கையான உடற்சூடு ஏறக்குறைய 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட் ஆகும். கடுமையாக இரைத்தல், எச்சில் வடிதல், நாக்கு நீலித்தல், தள்ளாடுதல் ஆகிய குறிகள் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஈரத் துணியால் போர்த்துவது சூட்டை உள்ளே அடக்கிவிடும். வலிந்து நீர் புகட்டலாகாது. முதலில் குளிரச்செய்து, பின்னர் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்க.

ஆகாரம்.—இந்நாய் பெருந்தீனி விரும்புவது. கொழுத்தால் மூச்சு மேலும் முட்டும். வேளைக்கு இவ்வளவென்று அளந்து, நாளைக்கு இரு வேளை கொடுத்தல் போதும். கையால் தடவினால் விலாவெலும்புகள் தட்டுப்படவேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷமாகும்.

சுத்தமும் தடுப்பும்.—முகமடிப்புகளை ஈரத் துணியால் துடைத்துப் பின் நன்கு உலர்த்தவேண்டும், இல்லையேல் புண்ணாகும். துருத்திய கண்களில் முள்ளோ தூசியோ பட்டுச் சிவந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுக. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, பின்னர் வைத்தியர் குறிக்கும் காலத்தில் தவறாது மறுபடியும் போடவேண்டும். மடிநாய் கடித்தாலும் காயத்தை 15 நிமிஷம் சோப்பும் நீரும் கொண்டு கழுவி ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

வாங்குவோர்க்கு.—தாய் நாயையும் சேர்த்துப் பார்த்தே குட்டியை வாங்கவேண்டும். தாயை மூன்று நிமிஷம் வேகமாக நடத்தி, இரைச்சலின்றி மூச்சு விடுகின்றதா, மூக்குத் துவாரம் திறந்துள்ளதா என்று கவனிக்க. மூச்சுத் திணறும் நாயை இனவிருத்திக்கு விடலாகாது. அக்குறை குட்டிகளுக்கும் செல்லும். குட்டிகளின் தலை பெரிதாதலால் பிரசவத்தில் பலவற்றிற்குச் சஸ்திர சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. பகலெல்லாம் வயலிலும் களத்திலும் கூடவே திரியும் நாயை விரும்புவோர் நாட்டு நாயையே வளர்த்தல் நலம். பக் நாயை வைத்திருப்போர், பங்குனி பிறக்குமுன்னரே அதற்கு நிழலும் நீரும் அமைத்துவைப்பாராக.