விழக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம்

பார்சலை வாசலில் கொடுத்துவிட்டுப் போவதற்கும் ஒரு படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கையில் பெட்டியும், நினைவில் விலாசமும், காலில் கொஞ்சம் வேகமும் இருந்தால் நடந்துவிடக்கூடிய காரியம் என்றுதான் வெகுகாலம் நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து லாண்டோவர் என்னும் ஊரில், புதிய டிரைவர்களுக்கென்றே யு.பி.எஸ். கம்பெனி 2007-ஆம் ஆண்டில் திறந்த ‘இன்டெக்ராட்’ என்னும் பயிற்சிசாலையைப் பற்றி அறிந்த பிற்பாடு அந்த அபிப்பிராயம் என்னிடம் நிலைக்கவில்லை.

யு.பி.எஸ். என்பது யுனைடெட் பார்சல் சர்வீஸ். மின்சாரம் போனால் நம் வீட்டில் விளக்கெரிய வைக்கும் பெட்டிக்கும் இதற்கும் யாதொரு பந்துத்துவமும் கிடையாது. 1907-இல் சியாட்டில் நகரத்தில், 19 வயதுப் பையனான ஜிம் கேஸி, கிளாட் ரையன் என்னும் சிநேகிதனோடு சேர்ந்து, 100 டாலர் கடன் வாங்கி, ஒரு நிலவறையில் ஆரம்பித்த செய்தித் தூது வியாபாரமே இதன் பூர்வீகம். நடந்தும் சைக்கிளில் ஏறியும் ஓடிய அந்தக் காலத்துப் பையன்கள் எந்தக் கையால் எதைச் செய்தார்கள் என்று எவரும் கணக்கெடுத்திருக்கமாட்டார்கள். பிற்காலத்தில் அதையும் கணக்கெடுத்தார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தி, பெட்டியை எடுத்து, படியிறங்கி, வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து வண்டியைக் கிளப்புகிற வரையில் அவருடைய அங்கங்கள் செய்யும் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து ஆராய்ந்து, ‘340 முறைகள்’ என்று வழங்கும் ஒரு விதித் தொகுப்பையே உண்டாக்கிவிட்டார்கள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பிறகு துழாவக்கூடாது, விரலிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வெகுகாலம் விதியிருந்தது. வலக்கை வண்டியைக் கிளப்பும் அதே சமயத்தில் இடக்கை சீட் பெல்ட்டை மாட்ட வேண்டும். இப்படியே போகும் அந்த சாஸ்திரம்.

இவை போதாவென்று மனப்பாடமும் உண்டு. வண்டி ஓட்டும்போது பார்வை எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு ஐந்து பழக்கங்களை வகுத்திருக்கிறார்கள்: தூரத்தில் நோக்கு, சுற்றிலும் உள்ள முழுக்காட்சியையும் வாங்கிக்கொள், கண்ணை ஓரிடத்தில் நிலைக்கவிடாதே, ஒதுங்க ஒரு வழியை எப்போதும் வைத்துக்கொள், பிறர் உன்னைப் பார்த்துவிட்டார்களா என்று நிச்சயித்துக்கொள். கருத்தைச் சொன்னால் போதாது. சொல்லுக்குச் சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். வரிசை மறவாதிருக்க, இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து, ‘நல்ல பிள்ளைகளுக்கெல்லாம் பால் பிடிக்கும்’ என்னும் பொருள்பட ஒரு வாக்கியமும் அங்கே வழங்குகிறது. மனப்பாடத்தை மடமையென்று ஒதுக்கும் கல்வி நிபுணர்கள், திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கண்டிக்கப் புறப்படுமுன் இந்த கம்பெனிக்கு ஒரு நடை போய்வரலாம்.

ஆனால் வகுப்பில் உட்காரவைத்து உபந்நியாசம் செய்யும் பழைய முறை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்துசேர்ந்த இளைஞர்களிடம் பலிக்கவில்லை. பயிற்சியில் தேறாதவர்கள் பெருகினார்கள். திரையைப் பார்த்தும் பொத்தானை அழுத்தியும் வளர்ந்தவர்களுக்குக் காதால் கேட்பதைக்காட்டிலும் கையால் செய்வதே மனத்தில் பதியும் என்று கண்டு, வர்ஜீனியா டெக் முதலிய சர்வகலாசாலைகளின் யோசனையையும் கேட்டு, இன்டெக்ராட்டை அமைத்தார்கள்.

அங்கே இருக்கும் வண்டிகளில் ஒன்றின் பக்கச் சுவர்கள் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிபவை. உள்ளே அலமாரித் தட்டுகளிலிருந்து மாணவர் பெட்டியைத் தேடியெடுக்கும் தடுமாற்றத்தை வெளியே நிற்கும் சகமாணவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னோரிடத்தில், கைப்பிடியைப் பற்றி நிதானமாக இறங்கும்போதும், அவசரத்தில் குதிக்கும்போதும், உடம்பின்மேல் எவ்வளவு விசை தாக்குகிறது என்பதை ஒரு கருவி அளந்து காட்டிவிடும். குதிக்காதே என்று நூறு தரம் சொல்லிக் கேளாத இருபது வயதுக்காரன்கூட, தன் முழங்காலுக்குத் தானே செய்யும் துரோகத்தை எண்ணாகக் கண்டபின் கைப்பிடியைத் தேடுவான்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வழுக்கும் தரை. மேலேயிருந்து தொங்கும் வாரில் உடம்பைப் பிணைத்து, கையில் ஒரு பெட்டியையும் கொடுத்து, வழுக்குவதற்கென்றே செய்த தரையின்மேல் நடக்கச் சொல்வார்கள். கால் வாரிவிடும், வார் தாங்கிக்கொள்ளும். பனிக்காலத்தில் உறைந்துகிடக்கும் நடைபாதைகளில் நாள் முழுவதும் ஏறியிறங்கப் போகிறவனுடைய உடம்பு, விழுவதற்கு முந்திய அந்தக் கணத்தை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. பாதத்தைத் தட்டையாக ஊன்றி, சிறு அடிகளாக எடுத்துவைக்க அது தானாகவே கற்றுக்கொள்கிறது.

இவ்வளவு சிரத்தையும் தர்மசிந்தையால் விளைந்தது என்று நான் சொல்லவரவில்லை. சாவியை விரலில் மாட்டியதால் மிச்சமான விநாடி டிரைவருக்குச் சேரவில்லை, கம்பெனிக்குத்தான் சேர்ந்தது. மிச்சமாகும் முழங்கால் மாத்திரம் அவனுடையது. இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துத் தைத்திருப்பதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். டிரைவர் ஆசனம் அங்கே சுலபமாகக் கிடைப்பதுமில்லை. பகுதிநேரக் கூலியாகப் பெட்டிகளைத் தரம்பிரித்து வண்டியில் அடுக்கிக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் பலர். 1997 ஆகஸ்டில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 1,85,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பகுதிநேர உத்தியோகங்களை முழுநேரமாக்க வேண்டும் என்பது அவர்களுடைய பிரதான கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்ததற்கு இதுவே காரணம்.

பயிற்சியின் பிற்பகுதியில், விளையாட்டு வீடுகளும் குட்டித் தெருக்களும் உள்ள ஒரு பாவனை ஊரில் நிஜ வண்டியை ஓட்டவிடுகிறார்கள். கூடுமானவரை இடப்பக்கம் திரும்பாதிருப்பது இந்தக் கம்பெனியின் பிரசித்தமான வழக்கம். அமெரிக்காவில் வலப்புறமாகவே வண்டி ஓடுவதால், நமக்கு வலப்பக்கம் திரும்புவதில் உள்ள சங்கடம் அவர்களுக்கு இடப்பக்கத்தில். எதிரே வருகிற வண்டிகளுக்காகக் காத்துக்கிடப்பதில் நேரமும் பெட்ரோலும் விரயமாகும், விபத்துக்கும் இடமுண்டு.

பாவனை ஊரில் நாய் கிடையாது, மழையும் கிடையாது. அவை நிஜமான தெருவில் முதல் சில வாரங்களில் வந்துசேரும். அப்போது பக்கத்து மடக்கு ஆசனத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல், புதியவனின் கை படியிறங்கும்போது எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.