எண்ணம் தசையை அடையும் வழி

பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் சிறுவரது மலமாதிரிகள் குளிர்நிலையில் வந்து சேர்கின்றன. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையொன்றின் கையோ காலோ திடீரெனத் துவண்டுபோமாயின், மருத்துவர் எந்நோயென ஐயுற்றாலும், ஒரு நாள் இடைவெளியில் இரு மாதிரிகள் எடுக்கப்பட்டு அங்கு அனுப்பப்படல் வேண்டும். விறைத்த காலுக்கு இவ்விதி இல்லை. துவளலுக்கும் விறைப்புக்கும் இத்துணை வேற்றுமை பாராட்டுவதேன்? விடை நரம்புத்தொகுதியின் அமைப்பிலேயே உளது.

ஒருவன் தன் காலை உயர்த்த எண்ணுகின்றான். அவ்வெண்ணம் மூளையின் மேற்பட்டையிலிருந்து தசைவரை செல்லும் வழியில் முதன்மையான நரம்புக்கலங்கள் இரண்டு. முதலாவது மூளையிற் பிறந்து, அதன் நீண்ட நாரை முண்ணாணுக்குள் இறக்குகின்றது. முண்ணாணைச் சேருமுன் இந்நார்களுட் பெரும்பாலானவை மறுபுறம் கடந்துவிடுகின்றன. இடப்பக்க மூளையில் குருதிக்குழாய் அடைபட, வலக்கை செயலிழப்பது இதனாலேயே. இரண்டாவது கலம் முண்ணாணின் முற்கொம்பிற் குடிகொண்டு, தன் நாரைத் தசைக்கு அனுப்புகின்றது. பாடநூல்கள் இரண்டையும் ஒரே கோடாக வரைந்து காட்டுவதால் மாணவர் மயங்குதல் இயல்பே.

பல தெருக்கள் கூடி ஒரே பாலத்தைக் கடப்பதுபோல, மூளையின் கட்டளையும், சூடு பட்டவுடன் கையை இழுக்கும் தெறிவினையும், உடலின் சமநிலை பேணும் செய்திகளும் இவ்விரண்டாங் கலத்தின் வழியாகவே தசையை அடைகின்றன. 1932ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சேர் சார்ள்சு செறிங்டன் இதனை இறுதிப் பொதுவழி என்றார்.

முதற்கலம் பழுதுற்றால் கட்டளை வாராது. ஆயினும் பாலம் நிற்கின்றது. தடுப்பாரற்ற தெறிவினைகள் மிகுந்து, நாளடைவில் தசை விறைக்கின்றது. முழங்காலைத் தட்டினால் கால் மிகையாகத் துள்ளும். இரண்டாங் கலம் அழிந்தாலோ எச்செய்தியும் தசையைச் சேராது. தசை துவண்டு மெலிகின்றது, தெறிவினையும் மறைகின்றது.

இளம்பிள்ளை வாதத்தின் வைரசு அழிப்பது இம்முற்கொம்புக் கலங்களையே. வாய்வழி புகுந்து குடலிற் பெருகும் அது, ஏறத்தாழ இருநூறு பேருள் ஒருவரிலேயே வாதத்தை விளைக்கின்றது. உணர்ச்சி நரம்புகள் முண்ணாணின் பின்புறமாகப் புகுவதால் அவற்றுக்கு ஊறில்லை. அசைக்க இயலாத காலில் எறும்பு ஊர்வதையும் பிள்ளை உணரும், கொடுமை அதுவே.

அழிந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அயலிற் பிழைத்த கலங்கள் புதிய கிளை விட்டு, அநாதையான தசைநார்களைத் தத்தெடுக்கின்றன. நோயுற்ற பிள்ளை சில மாதங்களில் ஓரளவு நடக்கத் தலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாறு பிழைத்த கலம் தன் பங்குக்கும் மேலான சுமையைப் பல்லாண்டு தாங்குகின்றது. முப்பது, நாற்பது ஆண்டுகளின்பின் அதுவும் தளர, ஒருகாலத்தில் மீண்ட கால் மறுபடியும் வலுவிழத்தல் உண்டு. இலங்கையில் 1962ஆம் ஆண்டில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. வாய்வழித் தடுப்புமருந்தும் அவ்வாண்டிலேயே வந்தது. அன்று நோயுற்ற குழந்தைகள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களது புதிய தளர்ச்சியை வெறும் முதுமையெனத் தள்ளிவிடுதல் தவறாகும்.

இந்நாட்டில் இறுதியாக இந்நோய் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில். 2014ஆம் ஆண்டில் தென்கிழக்காசியப் பிரதேசம் முழுவதும் நோயற்றதென உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. ஆயினும் வைரசு உலகைவிட்டு முற்றாக அகலவில்லை. துவண்ட கால்களுட் பல வேறு நரம்புநோய்களால் நேர்ந்தவையெனச் சோதனையில் தெளிவாகின்றன. எனினும் மாதிரிகள் பொரளைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.