மூன்றாவது பின் எங்கே?

வணிகப் பெருமக்களாகிய நாம் கடையை மூடும்போது கல்லாவை எண்ணுகிறோம், இருப்பைப் பார்க்கிறோம், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். கடையில் ஓடும் மின்சாதனங்களை ஒரு நாளாவது வரிசையாகப் பார்த்திருக்கிறோமா? நாங்களும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு மழைக்கால மாலை.

எங்கள் கிடங்கில் பருப்பு மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த பையன் திடீரென அலறினான். கையிலிருந்த தையல் மெஷினை அவனால் விட முடியவில்லை. தரையெல்லாம் ஈரம், காலில் செருப்பில்லை. கணக்குப்பிள்ளை ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தான். மறுநாள் வந்த எலெக்ட்ரீசியன் மெஷினைத் திறக்கும் முன்பே பிளக்கைக் காட்டினார். மூன்று பின் பிளக் சாக்கெட்டில் பொருந்தவில்லை என்று இரண்டு பின் பிளக் மாட்டப்பட்டிருந்தது. மாட்டச் சொன்னது நாங்கள்தான்.

உள்ளே ஒயர் தேய்ந்து மெஷினின் உலோக உடலைத் தொட்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். எர்த் இல்லாததால் பையனின் உடலே வழியாயிற்று. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கை விடாது. 5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். அது ஒயரைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது.

அன்று அவர் சொல்லிக்கொடுத்த பிரிவினையை உறுப்பினர்களுக்கும் சொல்கிறோம்.

முதல் வகை: உலோக உடலும் மூன்று பின் பிளக்கும் கொண்டவை. ஃபிரிட்ஜ், கிரைண்டர் போன்றவை. பிளக்கின் பெரிய பின்னிலிருந்து உலோக உடல் வரை எர்த் ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்பதே இவற்றுக்கு முக்கியச் சோதனை.

இரண்டாம் வகை: இரட்டைக் காப்பு உள்ளவை. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். இவற்றுக்கு எர்த் தேவையில்லை. இரண்டு பின் போதும். மெக்கர் கருவியால் காப்பை மட்டும் சோதிப்பார்கள். செல்போன் சார்ஜர்களும் பல கை டிரில்களும் இவ்வகை.

மூன்றாம் வகை: 50 வோல்ட்டுக்கு மேற்படாத, காப்புள்ள தனி சப்ளையில் ஓடுபவை. அடாப்டரில் ஓடும் எலெக்ட்ரானிக் தராசு இதற்கு உதாரணம். ஆனால் அந்த அடாப்டருக்குள் வருவது 230 வோல்ட். ஆகவே தராசை விட அடாப்டரையே கவனிக்க வேண்டும்.

எர்த்தும் இல்லை, சதுர முத்திரையும் இல்லை என்றால் அது இம்மூன்றிலும் சேராது. பழைய இரும்பு மேசை விசிறிகள் சில அப்படிப்பட்டவை. ஈரமுள்ள கடைக்கும் கிடங்குக்கும் அவை வேண்டாம்.

இன்னொரு பிரிவினையும் உண்டு. கையில் பிடித்து இயக்குவது, இடம் மாற்றுவது, நின்ற இடத்திலேயே நிற்பது என்பது அது. கையில் பிடிப்பதற்கே ஆபத்து அதிகம். இழுபடும் எக்ஸ்டென்ஷன் ஒயரையும் ஒரு சாதனமாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் பணியிட மின்சாதனங்களைச் சோதித்துப் பிளக்கில் பச்சைச் சீட்டு ஒட்டும் வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஆண்டுதோறும் சோதிக்கச் சட்டம் சொல்வதாக அங்கேயே பலர் நினைக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்லவில்லை. ஆபத்தின்றிப் பராமரிக்கவே சொல்கின்றன. எதை எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பது என்பதைச் சாதனத்தின் வகையும் இடமும் உழைப்பும் தீர்மானிக்கின்றன. நமக்கும் அதுவே பொருந்தும்.

இப்போது எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. சாதனம், வகை, பார்த்த தேதி, கண்ட குறை என நான்கு பத்தி. கைமெஷின்களையும் ஒயர்களையும் வாரம் ஒரு முறை கண்ணால் பார்க்கிறோம்: வெடித்த ஒயர், கருகிய பிளக், டேப் சுற்றிய இணைப்பு. பெரும்பாலான குறைகள் கண்ணுக்கே தெரிந்துவிடும். எர்த், மெக்கர் சோதனைகளை ஆயுத பூஜைக்கு முன் எலெக்ட்ரீசியன் செய்து தருகிறார். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறோம்.

நோட்டு அந்தப் பையனின் பொறுப்பில் இருக்கிறது. அவன் டிக் போடாத மெஷினை நாங்கள் கேட்டாலும் தருவதில்லை.