கல்லை எடுத்தாச்சு... குழிக்கு யார் பொறுப்பு? குவாரி விதிகள் சொல்வது என்ன?

நாம் கட்டும் வீடு, போகும் நாலுவழிச் சாலை எல்லாத்துக்கும் ஜல்லி, எம்-சாண்ட் எங்கோ ஒரு பாறையை உடைத்துத்தான் வருகிறது. எருமப்பட்டி மாதிரி நாமக்கல், சேலம் சமவெளி ஊர்களுக்கு இதில் வேலையும் இருக்கு, லாரி வாடகையும் இருக்கு. ஆனால் குத்தகை முடிந்து கிரஷர் வேறு இடத்துக்குப் போன பிறகு, ஊருக்கு மிஞ்சுவது ஆழமான ஒரு குழி. அதுக்கு யார் பொறுப்பு? பார்ப்போம்.

குவாரிக்கு எந்தச் சட்டம்?

அடிப்படை, மத்திய அரசின் 1957-ம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். ஜல்லிக் கல், கிராவல், கிரானைட் எல்லாம் இதில் 'சிறு கனிமங்கள்'. இவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1959-ம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகள். மக்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது இதில் முக்கியமான விதி.

முன்பெல்லாம் 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகள் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே ஓடின. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சின்ன குவாரியாக இருந்தாலும் அனுமதி கட்டாயம். ஒரே பெரிய குவாரியை நாலாகப் பிரித்துக் காட்டும் வேலையும் நடக்காது. 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால், மக்கள் கருத்துக்கேட்பும் நடத்தணும்.

மூடுவது என்றால் மண்ணைப் போட்டு நிரப்புவதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருந்த கல் மொத்தமும் விற்றுப் போயிருக்கும். திருப்பிப் போட மேல்மண் மட்டும்தான் கொஞ்சம் மிஞ்சும். அதனால் கல் குவாரியின் மூடல் திட்டத்தில் பொதுவாக இருப்பது நாலு விஷயம்: சுவர்களைப் படிப்படியாக வெட்டி விடுவது, சுற்றிலும் வேலி போடுவது, எடுத்த மேல்மண்ணில் மரம் நடுவது, குழியை மழைநீர்த் தேக்கமாக விடுவது.

படிப்படியாக வெட்டுவது பார்க்க அழகுக்காக இல்லை. செங்குத்தாக வெட்டினால் மேலே இருக்கும் பாறை எப்போது வேண்டுமானாலும் சரியலாம். 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள். 4 பேர் உயிரிழந்தார்கள்.

மூடாமல் போனால்?

இங்கேதான் சிக்கல். எருமப்பட்டிக்கு வடக்கே இருக்கும் கொல்லிமலையில், மேட்டூர் மால்கோ ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். 2008-ல் ஆலையில் அலுமினிய உற்பத்தி நின்றது. தொழில் ஒரே நாளில் நின்றுவிடலாம். வெட்டிய நிலம் தானாகச் சரியாகாது. அதனால்தான் பணத்தை முன்கூட்டியே பிடித்து வைக்கும் முறை வந்தது.

பாக்சைட், சேலத்து மேக்னசைட் போன்ற பெரிய கனிமங்களுக்கு இந்த முறை இருக்கு. 2021 திருத்தப்படி, சுரங்கத்தின் வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 5 லட்சம் அல்லது 3 லட்சம் ரூபாய் உத்தரவாதம் தரணும். இறுதி மூடல் திட்டத்தை உரிய காலத்தில் தராவிட்டால் அது பறிமுதல் ஆகும். அமெரிக்கா 1977-லேயே நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இதைச் சட்டமாக்கியது. அங்கே பிணைத்தொகை கட்டினால்தான் பெர்மிட், நிலத்தைச் சீர்செய்த அளவுக்குத்தான் தொகை திரும்பக் கிடைக்கும். பழைய, கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்கவும் டன்னுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வசூலித்தார்கள்.

மேலே சொன்ன மத்திய விதி சிறு கனிமங்களுக்குப் பொருந்தாது. ஆக, ஜல்லி குவாரி விஷயத்தில் நாம் கையில் பிடித்துக் கேட்க வேண்டியது இரண்டு ஆவணங்கள்: சுரங்கத் திட்டத்தில் உள்ள மூடல் பகுதி, சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகள். சுரங்கம் முடிந்த நிலத்தில் புல், தீவனம், மரம் வளரும் நிலைக்குக் கொண்டுவருவதை நிபந்தனையாகச் சேர்க்கணும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 'பரிவேஷ்' இணையதளத்தில் குவாரியின் அனுமதி ஆணையைத் தேடுங்கள். ஆழம், பரப்பு, மூடல் நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும்.
* ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குவாரிக்காரர் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தரணும். அது பொது ஆவணம்.
* இணையத்தில் கிடைக்காததை, மாவட்டக் கனிம வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும்.
* அனுமதியையே எதிர்க்க, பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும். பாதித்த நிலத்தைச் சீரமைக்கக் கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கு.

முக்கியமாக, குத்தகை முடிந்த பிறகு அல்ல, முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே கேட்க ஆரம்பியுங்கள். இயந்திரங்களும் குத்தகைதாரரும் ஊரில் இருக்கும்போது வேலி போடச் சொல்வது சுலபம். போன பிறகு முகவரி தேடுவதே தனி வேலை.